‘உங்களைப் பிடிக்கவே முடியலையே!’: மொரீசியஸில் கோவில், சங்கம், மாலை வகுப்பு நடத்துபவர்களுக்கு

மொரீசியஸில் ஒரு கோவில் செயலாளரைப் பிடிக்க வேண்டும் என்றால் யாரும் நம்பர் தேடுவதில்லை. மச்சானிடம் கேட்டால் அவனுடன் படித்தவன் ஒருவன் அதே தெருவில் இருப்பான், சாயங்காலத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். 12 லட்சம் சொச்சம் பேர் இருக்கிற தீவில் இது நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் நம் சங்கங்களில் பாதிக்கு மேல் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கஷ்டப்படுவது வெளியாட்கள்தான். சென்னையிலிருந்து சுற்றுலா வந்து கோர்-த-கார்த் மலையடிவாரத்து முருகனைப் பார்க்க ஆசைப்படுகிறவர், பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து காவடி எடுக்க வருகிறவர், பாரிஸில் பிறந்து தாத்தாவின் ஊரைத் தேடி வருகிற பேத்தி. இவர்களுக்கு இங்கே மச்சான் கிடையாது. தொடர்பு விவரம் என்பதை இவர்களை நினைத்துத்தான் எழுத வேண்டும், உள்ளூர் ஆள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்.

புகார் எந்த வாசகத்தில் வருகிறதோ அந்த வாசகத்தையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் காதில் விழுந்ததைத் தேடி நேராக அங்கே போங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

“போன் போட்டா, அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது”

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். நம் கைப்பேசி எண் 8 இலக்கம், பெரும்பாலும் 5-ல் தொடங்கும். 2013 செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு அது 7 இலக்கம்தான், அன்றைக்குத்தான் எல்லாக் கைப்பேசி எண்களுக்கும் முன்னால் ஒரு 5 சேர்த்தார்கள். தரைவழி எண்ணை மட்டும் 7 இலக்கமாகவே விட்டுவிட்டார்கள், குழப்பமே அங்கேதான். பழைய கைப்பேசி எண் ஒன்று எங்காவது அச்சில் கிடந்தால் பார்க்கிறவர்கள் அதைத் தரைவழி எண் என்று நினைத்துக்கொள்வார்கள், தப்பு என்று யாருக்கும் தோன்றாது.

இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அப்படி எண் இருக்குமா என்று கேட்காதீர்கள். கோவில் நுழைவாயில் பலகையைப் பாருங்கள், மண்டபச் சுவரில் பெயின்டில் எழுதியதைப் பாருங்கள், நன்கொடை ரசீதுப் புத்தகத்தைப் பாருங்கள். அச்சடித்த ரசீதுக் கட்டு தீரும்வரை புதிது அடிப்பதில்லை என்பது நம் கமிட்டிகளின் எழுதாத சட்டம். புதிது அடிக்க மனசு வரவில்லை என்றால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து பழைய எண்ணின் மேலேயே குத்திவிடுங்கள்.

இலக்கம் சரியாக இருந்தும் போகவில்லையா? அப்படியானால் வெளிநாட்டிலிருந்து எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நம் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் கிடையாது, ஆனால் இந்தியாவில் பழகியவரும் ரியூனியனில் பழகியவரும் கை வழக்கத்தில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிடுவார்கள். அதனால் உள்ளூருக்கு ஒரு மாதிரி, வெளிநாட்டுக்கு ஒரு மாதிரி என்று எழுதாமல் எல்லா இடத்திலும் நம் நாட்டுக் குறியீடான +230 போட்டு ஒரே வடிவத்தில் எழுதுங்கள். கூட்டல் குறியோடு எழுதினால் இங்கிருந்து போட்டாலும் போகும், அங்கிருந்து போட்டாலும் போகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரியூனியன்காரர் ஒரு சீட்டில் தன் வீட்டு எண்ணை 0262 என்று தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். நீங்கள் இங்கிருந்து கூப்பிடும்போது பூஜ்யத்தை எடுத்துவிட்டு முன்னால் நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும், அந்த நாட்டுக் குறியீடும் 262-தான். ஆக +262 262 என்று இரண்டு முறை வரும். ‘யாரோ தெரியாமல் இரண்டு தடவை எழுதிவிட்டார்கள்’ என்று ஒன்றை வெட்டிவிட்டால் அந்த எண் போகாது. கைப்பேசி எண் 0692 என்று இருந்தால் +262 692.

இன்னொரு காரணம், எண்ணை வாயால் சொன்ன விதம். இந்த ஊரில் நாம் எண்ணை இரண்டிரண்டாக, பிரெஞ்சுக் கணக்கில் சொல்லிப் பழகியவர்கள். 97 என்பதை ‘காத்ர் வேன் தி செத்’ என்று சொன்னால் அரைகுறையாகப் பிரெஞ்சு தெரிந்தவர் 4, 20, 17 என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போவார். வெளியூர்க்காரருக்கு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள், அப்புறம் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ‘உங்க போன்லேர்ந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க’ என்பது.

“மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல”

எண் சரி, ஆள் இல்லை. கோவில் அலுவலகத்தில் மேசைமேல் போன் இருக்கும், பூசை நேரத்தில் அலுவலகம் பூட்டியிருக்கும். ஆனால் வெளியாள் பூசை நேரத்தில்தான் கூப்பிடுவார், ஏனென்றால் அப்போதுதான் கோவில் திறந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐயர் தீபாராதனையை விட்டுவிட்டு வந்து போன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

‘யாராவது எடுப்பார்கள்’ என்பதை விட்டுவிட்டு ஒரு நேரத்தை அறிவியுங்கள். வாரத்தில் ஐந்து நாள், மாலை இரண்டு மணி நேரம், அந்த நேரத்துக்கு ஒரு பெயர். அது போதும். நாள் முழுக்க எடுக்காத போனைவிட இரண்டு மணி நேரம் தவறாமல் எடுக்கிற போன் மேல். மற்ற நேரத்தில் வருகிற அழைப்பைப் பொறுப்பாளரின் கைப்பேசிக்குத் திருப்பிவிடும் வசதி அநேகமாக எல்லா இணைப்பிலும் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பாளர் மாறும்போது திருப்பிவிட்டதையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பதவியை விட்டு மூன்று வருடம் ஆன தோந்தோன் (இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மாமா) ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு அன்னதானக் கணக்கு சொல்லிக்கொண்டிருப்பார், பாவம்.

நேரம் எழுதும்போது ‘மொரீசியஸ் நேரம்’ என்று சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாடு நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது, நமக்கு மாலை 6 என்றால் சென்னையில் 7.30. தென்னாப்பிரிக்காவின் டர்பன் இரண்டு மணி பின்னால். பாரிஸ் கோடையில் இரண்டு மணியும் குளிர்காலத்தில் மூன்று மணியும் பின்னால், அதனால் வேலை முடிந்து வீடு திரும்பி இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து கூப்பிடுகிறவர் நம்மைத் தூக்கத்திலிருந்துதான் எழுப்புவார். இவர்களுக்குப் போனே சரிப்படாது. எழுத்தில் கேட்க ஒரு வழி வேண்டும், அதற்குத்தான் அடுத்தது.

“வாட்ஸ்அப்ல போட்டேன், ஒரே டிக்ல நிக்குது”

ஒரு டிக் என்றால் செய்தி அவரிடமிருந்து கிளம்பிவிட்டது, உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை. நீங்கள் அவரைத் தடுத்து வைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும், ஆனால் சங்க எண் என்றால் காரணம் பெரும்பாலும் மேசை இழுப்பறையில் இருக்கிறது: பொருளாளரின் இழுப்பறையில், சார்ஜ் இல்லாமல், அந்த சிம் போட்ட பழைய போன். இப்படியே 120 நாள் கிடந்தால் வாட்ஸ்அப் அந்தக் கணக்கையே நீக்கிவிடும், பழைய குரூப்புகளிலிருந்தும் எண் வெளியேறிவிடும்.

இதற்கு ஒரு சுலபமான தீர்வு இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஒரே வாட்ஸ்அப் கணக்கை முதன்மைப் போன் தவிர இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம். ஆக செயலாளர், துணைச் செயலாளர், வகுப்பு ஆசிரியை, மண்டபப் பதிவு பார்க்கிறவர் என்று நான்கு பேர் தங்கள் சொந்தப் போனிலோ கணினியிலோ சங்க எண்ணுக்கு வருவதைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும். அந்த முதன்மைப் போனை மட்டும் 14 நாளுக்கு ஒரு முறையாவது திறக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற நான்கும் தானாகத் துண்டித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு சார்ஜில் போட்டால் முடிந்தது.

கைப்பேசி எண் ஒன்றைத் தனியாக வாங்க விருப்பமில்லையா? வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தரைவழி எண்ணையே பதிவு செய்யலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல், ‘என்னைக் கூப்பிடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோவில் போன் மணி அடிக்கும், அதில் குரல் சொல்கிற ஆறு இலக்கத்தைத் தட்டுங்கள். பல வருடமாக எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற அதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் வந்துவிடும்.

அதே செயலியில் வரவேற்புச் செய்தி என்று ஒன்று உண்டு. முதல் தடவை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் அது தானாகப் போகும். அதில் ‘வணக்கம், வாழ்க வளமுடன்’ என்று மட்டும் போட்டு வீணாக்காதீர்கள். கோவில் திறக்கும் நேரம், எப்போது பதில் வரும், இந்த இரண்டும் இருந்தால் கேட்பவர்களில் நிறையப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

டிக் நீலமாகிவிட்டது, பதில் மட்டும் இல்லை என்றால் அது கருவியின் கோளாறு இல்லை. நான்கு பேரும் பார்த்துவிட்டு, மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துவிட்டார்கள். நாளுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள்.

“நான் எல்லாருக்கும் அனுப்பினேனே, பாதிப் பேருக்கு வரலையாம்”

வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) போட்டிருப்பீர்கள். அதில் அனுப்புவது உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும், மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்குச் சொல்லவும் செய்யாது. புதிதாக ஒருவர் பெயர் கொடுக்கும்போதே, ‘இந்த நம்பரை உங்க போன்ல சேவ் பண்ணிக்கோங்க ஆன்ட்டி, அப்பதான் செய்தி வரும்’ என்று அங்கேயே நிற்க வைத்துச் சேமிக்கச் சொல்லுங்கள்.

குரூப்பில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் குரூப்பில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், காலை வணக்கப் பூக்கள் நடுவில் கொடியேற்ற நேரம் காணாமல் போகும். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

“ஃபேஸ்புக்ல கேட்டிருந்தேனே”

கேட்டிருப்பார், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நண்பர் பட்டியலில் இல்லாதவர் உங்கள் சொந்தக் கணக்குக்கு எழுதினால் அது மெசஞ்சரில் ‘செய்தி வேண்டுகோள்கள்’ என்ற தனி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மணி அடிக்காது. இப்போதே திறந்து பாருங்கள். போன வருடத்துக் காவடிக் கேள்வி ஒன்றாவது இருக்கும்.

“மெயில் திரும்பி வந்துடுச்சு” / “மெயில் போச்சு, பதிலே இல்லை”

இரண்டும் வேறு நோய்.

திரும்பி வந்தால், பெட்டி நிறைந்திருக்கலாம். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதில் மெயில் மட்டுமல்ல, அதே கணக்கில் ஏற்றி வைத்த படங்களும் கோப்புகளும் சேர்த்திதான். திருவிழா வீடியோவை யாராவது சங்கக் கணக்கிலேயே ஏற்றியிருந்தால் இடம் தீர்ந்து, புதிதாக வருகிற மெயில் வாசலிலேயே திரும்பிவிடும். இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. கமிட்டி மாறும்போது கடவுச்சொல் கைமாறாமல் போன கணக்குகளுக்கு இதுதான் நடக்கும். பதவி ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடு கடவுச்சொல்லையும், மீட்பு எண்ணாக யாருடைய கைப்பேசி இருக்கிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். மீட்பு எண் பழைய செயலாளருடையதாகவே இருந்தால் கடவுச்சொல் மாற்றி என்ன பயன்?

முகவரியே தப்பாக இருக்கலாம், அதிலும் போனில் சொன்ன முகவரி என்றால். நாம் எழுத்துகளைப் பிரெஞ்சில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் ‘ஜி’ என்கிற எழுத்தை நாம் பிரெஞ்சில் சொன்னால் சென்னைக்காரர் காதில் ‘ஜே’ மாதிரி விழும், ‘ஜே’ என்கிற எழுத்தைச் சொன்னால் ‘ஜி’ மாதிரி விழும். ‘ஐ’ என்ற எழுத்தை ‘ஈ’ என்போம், அவர் ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் போடுவார். இதற்கு மேல் நம் பெயர்களின் எழுத்துக்கூட்டல் வேறு: முத்து, ஆறுமுகம், சுப்பராயன் எல்லாம் இங்கே பிரெஞ்சு வாடையோடு பதிவானவை, தமிழ்நாட்டுக்காரர் தனக்குத் தெரிந்த விதத்தில்தான் எழுதுவார். சங்க மெயில் முகவரியில் ஆள் பெயரே வேண்டாம், ஊர் பெயரும் ‘கோவில்’ என்ற சொல்லும் போதும், அதையும் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ‘கணேஷ்ல வர்ற ஜி, ஜகன்ல வர்ற ஜே’ என்று பெயர் வைத்துச் சொல்லுங்கள்.

திரும்பி வரவில்லை, பதிலும் இல்லை என்றால் ஸ்பாம் பெட்டியைத் திறங்கள். தெரியாத முகவரியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து, இணைப்பு ஒன்றோடு வருகிற முதல் மெயில் அங்கே விழ எல்லா வாய்ப்பும் உண்டு, 30 நாளில் அழிந்தும் போகும். ஆகவே மாதம் ஒரு முறை பார்ப்பது போதாது, வாரம் ஒரு முறை பாருங்கள். நல்ல மெயில் கிடைத்தால் ‘ஸ்பாம் இல்லை’ என்று சொல்லிவிட்டு அந்த முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், வாரம் ஒரு முறை பார்க்க ஆள் இல்லாத சங்கம் மெயில் முகவரியைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். மூன்று வழி கொடுத்து இரண்டில் பதில் இல்லை என்பதைவிட ஒரே வழி கொடுப்பது மரியாதை.

“பதில் வந்துச்சு, ஆனா நாலு நாளா பேசிக்கிட்டே இருக்கோம்”

இது எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்கிறது. ஒருவர் ‘காவடி எடுக்கணும்’ என்று எழுதுவார். நீங்கள் ‘எந்தக் காவடி?’ என்பீர்கள். மறுநாள் ‘பால்’ என்பார். ‘எத்தனை பேர்?’ அதற்கு மறுநாள் பதில். ‘பத்து நாள் விரதம் தெரியுமா, எங்கே தங்குகிறீர்கள்?’ இப்படியே தைப்பூசம் வந்துவிடும்.

கேட்கும் இடத்திலேயே என்ன எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் இந்த ஊஞ்சல் நின்றுவிடும். வாசல் பலகைக்கு இப்படி ஒன்று போதும்:

“கோவில் அலுவலகம் +230 … (வாட்ஸ்அப்பும் இதே எண்). திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 6 வரை எடுப்போம், மொரீசியஸ் நேரம். மற்ற நேரத்தில் எழுதி வையுங்கள், மறுநாள் மாலைக்குள் பதில் வரும். எழுதும்போது பெயர், எதற்காக, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். தமிழ், கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் எதிலும் எழுதலாம்.”

கடைசி வரியைச் சும்மா அலங்காரம் என்று வெட்டாதீர்கள். தமிழ் எழுதத் தெரியாததால் கோவிலுக்கு எழுதக் கூச்சப்படுகிற பிள்ளைகள் இந்தத் தீவிலும் ரியூனியனிலும் நிறைய உண்டு, அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கதவு. அதே நேரம், தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறவருக்குக் கிரியோலில் பதில் போனால் அவருக்கு ஒன்றும் புரியாது, எந்த மொழியில் கேட்டாரோ அதில் சொல்லுங்கள். அடிக்கடி வருகிற நாலைந்து கேள்விக்கு நாலு மொழியிலும் பதிலை எழுதி வாட்ஸ்அப் பிசினஸின் விரைவுப் பதில்களில் போட்டு வைத்தால், யார் முறையாக இருந்தாலும் ஒரே பதில் போகும்.

“என் சொந்த நம்பரைப் போட்டுட்டாங்க, ராத்திரியெல்லாம் போன்”

பெரும்பாலும் மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியைகள் சொல்வது. விளம்பரத் தாளில் அவர் கைப்பேசி எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள், அது ஊரெல்லாம் பகிரப்பட்டு, வகுப்பே இல்லாத மாதத்திலும் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள். ஒருவரின் எண்ணும் முகவரியும் தனிப்பட்ட தரவு, இங்கே 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் போடுவது முறையே இல்லை. வகுப்புக்கென்று ஒரு முன்பணம் கட்டும் சிம் வாங்குங்கள், பலகையிலும் தாளிலும் அந்த எண் மட்டும். ஏற்கெனவே பரவிவிட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஆனால் அந்த ஆசிரியை தன் போனில் ‘வகுப்பு விசாரணைக்கு இந்த எண்’ என்று தானியங்கிப் பதில் ஒன்று வைத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறும்.

“புயல் அன்னைக்குத்தான் கேக்கணும்னு நினைச்சோம், லைனே கிடைக்கல”

நம் திருவிழாக் காலமும் புயல் காலமும் ஒன்று. 2024-இல் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தது ஜனவரி 15, பொங்கல் அன்று. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 25, அதாவது புயல் வந்தது விரதம் தொடங்கும் நேரம். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிற நாள் அது: கொடியேற்றம் உண்டா, இல்லையா?

கம்பி வழி இணைப்பு இப்போது ஃபைபரில் வருவதால் மின்சாரம் போனால் இணைப்புப் பெட்டி (ரூட்டர்) அணைந்து தரைவழி போனும் செத்துவிடும், பழைய செம்புக் கம்பி மாதிரி தானாக உயிரோடு இருக்காது. அந்தப் பெட்டிக்கு ஒரு சிறிய மின்கல மாற்று (யுபிஎஸ்) வாங்கி வைப்பது நல்லது, இல்லையென்றால் புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போகும்போதே அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிடுங்கள். அதைவிட முக்கியம், கேட்கும் முன்பே சொல்லிவிடுவது: ‘இன்று மாலை 5 மணிக்கு முடிவைச் சொல்வோம், அதுவரை யாரும் கிளம்ப வேண்டாம்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் குரூப்பிலும் ஒரு வரி. முடிவு தெரியாவிட்டாலும் முடிவு எப்போது தெரியும் என்று சொல்லலாம் அல்லவா?

“எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா யாருமே கூப்பிடறதில்ல”

கூகுள் மேப்பில் உங்கள் கோவிலைத் தேடுங்கள். வெளியூர்க்காரர் பலகையைப் பார்ப்பது வந்து சேர்ந்த பிறகுதான், அதற்கு முன்னால் பார்ப்பது மேப்பை. அங்கே இருக்கிற பக்கத்தை நீங்கள் உருவாக்கியிருக்கவே மாட்டீர்கள், எப்போதோ வந்துபோன யாரோ ஒருவர் சேர்த்தது, எண் பழையது, நேரம் ‘24 மணி நேரமும்’ என்று இருக்கும். ‘திருத்தம் பரிந்துரை’ என்பதை யார் வேண்டுமானாலும் அழுத்திச் சரியானதைக் கொடுக்கலாம். அதைவிட, உரிமையாளர் நாங்கள்தான் என்று கோரிப் பெற்றுவிட்டால் திருவிழா நாட்களின் விசேஷ நேரத்தையும் நீங்களே போடலாம். சரிபார்ப்புக்குச் சில நாள் ஆகும், அதனால் மார்கழியிலேயே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் எண் சேமிக்கப்படாத ஒரு போனை வாங்கி, மேப்பில் தேடி, அங்கிருந்தே கூப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவில் ஒரு சொந்தக்காரர், ரியூனியனில் ஒருவர் இருந்தால் அவர்களையும் போடச் சொல்லுங்கள், கூப்பிடுவது யார் என்று அலுவலகத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல்.